பட்டாளத்துத் தொலைநோக்கி அசலா போலியா: யாரிடம் காட்டுவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் அடுக்குகளுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு பட்டாளத்துச் சாமான் வந்து உட்காரும். தண்ணீர்க் குப்பி, திசைகாட்டி, பித்தளைத் தொலைநோக்கி இப்படி. அதைப் பற்றிக் கேள்விகளும் வரும். போன வருடத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள்.

முதலாமவர் சென்னைக்காரர். பச்சைத் தகரக் குழாய்க்குள் இருந்த ஒரு துப்பாக்கித் தொலைநோக்கியை, "ரெண்டாம் உலகப்போர் ஸ்னைப்பருடையது" (மறைந்திருந்து தூரத்தில் குறிபார்த்துச் சுடும் சிப்பாயுடையது) என்று சொல்லி அவரிடம் பெரிய விலை கேட்டிருக்கிறார்கள். இரண்டாமவர் கண்டனூர்ப் பக்கம். வீட்டைப் பாகம் பிரிக்கும்போது இரண்டாம் கட்டுப் பரணிலிருந்து தொலைநோக்கி மாட்டிய துப்பாக்கியே கிடைத்துவிட்டது. மூன்றாமவர் 'ராஸ் லண்டன்' என்று பொறித்த பித்தளைத் தொலைநோக்கியை ஏற்கெனவே வாங்கிவிட்டு, அதற்கப்புறம் கேட்டவர். கேள்வி மூவருக்கும் ஒன்றுதான். நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா, விவரம் தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பலாமா, இல்லை துப்பாக்கி வேலை தெரிந்த ஆளிடம் நேரில் போக வேண்டுமா?

நான் பழம்பொருள் சேர்ப்பவன். துப்பாக்கி நிபுணன் இல்லை. மூன்று வழியிலும் போய், இரண்டில் காசை விட்டவன்.

## துப்பாக்கியே கையில் இருந்தால்

இந்தப் பத்தி கண்டனூர்க்காரருக்கு. அசலா போலியா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பிரிட்டிஷ் ஸ்னைப்பர் துப்பாக்கிகள் பெரும்பாலும் .303 ரகம், அதாவது குழாயின் உள்விட்டம் அங்குலக் கணக்கில் .303. 1959 ஆயுதச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கான உரிமம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்காது, மத்திய அரசுதான் தர வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு, கூடினால் 14 ஆண்டு சிறை. "தாத்தா வைத்தது, எனக்குத் தெரியாது" என்பது முதல் நாள் மட்டும் எடுபடும்.

சட்டமே வழியும் சொல்கிறது. 21ஆம் பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவரோடு போய், எழுத்தில் ரசீது வாங்குங்கள். பழைய உரிமத் தாள், ஐயா காலத்துக் கடிதம் என்று பெட்டகத்தில் ஏதாவது இருந்தால் அதையும் தேடி எடுங்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் துப்பாக்கி அந்த விலக்குக்குள் வருமா என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. போல்ட்டை இழுத்துப் பார்ப்பது, கட்டையைக் கழற்றி முத்திரை தேடுவது, வாட்ஸப்பில் படம் போடுவது எதுவும் வேண்டாம்.

இனிமேல் சொல்வது தொலைநோக்கி, அதன் தகரக் குழாய், பித்தளைத் தொலைநோக்கி போன்றவற்றுக்கும், சட்டப்படி காகிதம் சரியாக உள்ள துப்பாக்கிக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

பொருளைப் பார்த்துச் சொல்கிற ஆளுக்கு அதில் லாபம் உண்டா? இது முதல் அளவுகோல். கடைக்காரர் சொல்லும் 'அசல்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, அந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் தரும் என்று பார்க்க வேண்டும். அசல் என்பதில் நாலு படி இருக்கிறது. தொலைநோக்கியும் துப்பாக்கியும் பிறந்த நாளிலிருந்து ஜோடியாக இருப்பது முதல் படி. இரண்டும் அசல், ஆனால் வேறு வேறு ஜோடியைச் சேர்ந்தவை என்பது இரண்டாவது. அசல் உதிரிகளை வைத்துப் பின்னால் யாரோ சேர்த்தது மூன்றாவது. முழு நகல் நாலாவது. முதலுக்கும் இரண்டாவதுக்குமே விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். கடையில் எல்லாவற்றுக்கும் 'ஒரிஜினல்' என்ற ஒரே பெயர்தான்.

மூன்றாவது, பணமும் நாளும். நாலாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: சோதிக்கப்போய்ப் பொருள் கெட்டுப்போகுமா?

## பர்மாக் கதையும் ஒரு தேதியும்

எந்த வழியில் போவதானாலும் செலவில்லாத ஒரு வேலையை முதலில் முடித்துவிடலாம். கதையையும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நம் பக்கத்தில் எந்தப் பட்டாளத்துச் சாமானுக்கும் ஒரே கதைதான். "செட்டியார் பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது கொண்டுவந்தது."

எங்கள் வீட்டிலும் அதே கதை உண்டு. தேவகோட்டை வீட்டில் ஒரு பச்சைத் தகரக் குழாய், அதற்குள் தொலைநோக்கி. பர்மாவின் மோல்மேனில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயா 1942இல் அசாம் வழியாக நடந்தே வந்தபோது தோளில் தொங்கவிட்டு வந்தது என்று அப்பத்தா சொல்வார்கள். நானும் முப்பது வருடம் அதையே பிறருக்குச் சொன்னேன். ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், குழாயில் 1944 என்று வெட்டியிருக்கிறது! ஜப்பானியரிடம் ரங்கூன் விழுந்தது 1942 மார்ச்சில். ஐயா ஊர் வந்து சேர்ந்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்த பொருளை அவர் எப்படித் தூக்கி வந்திருக்க முடியும்? போர் முடிந்து ராணுவ உபரிச் சாமான் ஏலம் போனபோது யாரோ வாங்கியிருக்க வேண்டும். பொருள் அசல்தான், கதைதான் ஒட்டுப்போட்டது.

துப்பாக்கிக்கும் இதே கணக்கு. பிரிட்டிஷ் ஸ்னைப்பர் துப்பாக்கிகளில் பேர்பெற்றது லீ என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி). குறி தவறாமல் சுட்ட சாதாரண நம்பர் 4களைப் பொறுக்கி எடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தில் தொலைநோக்கி பொருத்த ஆரம்பித்தது 1942 செப்டம்பரில். அந்த நிறுவனத்தின் குறி உள்ள துப்பாக்கி அதே வருடம் மார்ச்சில் பர்மாக் காட்டு வழியில் வந்திருக்க முடியாது.

## வழி 1: நாமே உட்கார்ந்து பார்ப்பது

நகரத்தார் வீடுகளில் எந்தப் பாத்திரத்தைத் திருப்பினாலும் விலாசம் வெட்டியிருக்கும். இது யார் வீட்டு அண்டா, எந்தப் பங்காளி வீட்டுச் சாமான் கலந்துவிட்டது என்று ஆச்சிமார் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பட்டாளமும் அப்படித்தான். எல்லாவற்றிலும் விலாசம் போட்டிருக்கிறது. அதை வாசிக்கக் கற்றால் பாதி வேலை முடிந்தது.

தொலைநோக்கியில் தொடங்கலாம். நம்பர் 4 (டி)யோடு வந்தது 'நம்பர் 32' ரகம். மார்க் 1, 2, 3 என மூன்று தலைமுறை. குழாயின் மேல் ரகம், மார்க், செய்த நிறுவனத்தின் சுருக்கெழுத்து, ஆண்டு, வரிசை எண் ஆகியவற்றோடு 'ஓ.எஸ்.' என்று தொடங்கும் ஒரு பட்டியல் எண்ணும் இருக்கும். மார்க் 1க்கு 466, மார்க் 2க்கு 1650, மார்க் 3க்கு 2039. மார்க் 3 என்று போட்டு 466 என்று பொறித்திருந்தால், பொறித்தவர் படத்தைப் பார்த்துப் பொறித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்தை அடித்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். 1970களில் பிரிட்டிஷ் ராணுவம் மார்க் 3 தொலைநோக்கிகளை எல்42ஏ1 என்ற புதிய ஸ்னைப்பர் துப்பாக்கிக்காக மாற்றியமைத்தபோது பழைய பெயரை அடித்துவிட்டு 'எல்1ஏ1' என்று எழுதியது. அது அசல் அடித்தல்.

அப்புறம் உள்ளே பாருங்கள். கீழிருந்து எழும் ஒரு தூணும், குறுக்கே ஒரு கம்பியும் தெரிய வேண்டும். மெல்லிய கூட்டல் குறியோ புள்ளி வரிசையோ தெரிந்தால் அது வேறு சாமான். லென்ஸ் மாணிக்கச் சிவப்பில் பளபளத்தால் இன்றைய ஏர்கன் தொலைநோக்கி. ஸ்டார் தலைத் திருகு இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

எழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சோதனை. இதற்கு நிபுணர் வேண்டாம், பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் போதும். உளியால் வெட்டியது, அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தது, லேசரில் சுட்டது மூன்றையும் அவர் ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லிவிடுவார். எண்பது வருட எழுத்தின் விளிம்பு மழுங்கி, பள்ளத்துக்குள் அழுக்கும் பழைய பெயின்ட்டும் இறுகிக் கிடக்கும். பெயின்ட் தேய்ந்த இடத்தில் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், அது நேற்று வெட்டிய எழுத்து. நான் காசை விட்ட முதல் தொலைநோக்கி இப்படித்தான் அகப்பட்டது. பேர் வெட்டுகிறவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மெஷின் எழுத்து" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

காகிதத்தோடு உள்ள முழுத் துப்பாக்கி என்றால் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. உடலின் இடப்பக்கம் ஆங்கில 'டி'. தோளில் அணைக்கும் மரக் கட்டை பொருந்தும் இரும்பு வளையத்தின் இடப்பக்கம் 'டிஆர்'. கட்டையின் அடியில் 'எஸ்51', அது ஹாலண்ட் நிறுவனத்தின் போர்க்கால விலாசம். கட்டையின் கழுத்தில் மேற்புறம் தொலைநோக்கியின் வரிசை எண். தொலைநோக்கித் தாங்கியில் துப்பாக்கியின் எண். இவை ஒன்றையொன்று சாட்சி சொன்னால்தான் ஜோடி. கட்டைமேல் கன்னம் வைக்க ஒரு மரத்துண்டு திருகியிருக்கும். தாங்கியைப் பிடிக்கும் இரும்புத் திட்டுகளின் திருகுத் தலையை அச்சால் தட்டிப் பூட்டியிருப்பார்கள். போலி செய்கிறவர்கள் அடிக்கடி கோட்டை விடுவது பின்பக்கக் குறியில், அதாவது கண்ணை வைத்துக் குறிபார்க்கும் பின்பக்க உறுப்பில். தொலைநோக்கிக்கு இடிக்காமல் இருப்பதற்காக, சண்டைக் குறி எனப்படும் சின்ன வளையத்தை அதிலிருந்து அரைத்து எடுத்திருப்பார்கள். அது அப்படியே முழுதாக இருந்தால் சாதாரண நம்பர் 4இல் யாரோ தொலைநோக்கியை ஏற்றியிருக்கிறார்கள்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலைத் துப்பாக்கிகளுக்கு அங்கேயே தொலைநோக்கி பொருத்தினார்கள். அவற்றில் எஸ்51 தேடினால் கிடைக்காது. உடைந்த கட்டையை மாற்றியிருந்தாலும் அந்தக் குறி போயிருக்கும். ஒரு குறி இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

பித்தளைத் தொலைநோக்கி வாங்கியவருக்கு ஒரு சொல். ஸ்னைப்பரோடு போகும் பார்வையாளர் 'ஸ்கவுட் ரெஜிமென்ட்' எனப்படும் இழுத்து நீட்டும் தொலைநோக்கியை வைத்திருந்தார். அது உண்மை. ஆனால் லண்டன் பெயரைப் பெரிதாகப் பொறித்து உத்தரப் பிரதேசப் பட்டறைகளிலிருந்து வரும் பித்தளை நகல்கள் இந்தியா முழுக்க அலங்காரப் பொருளாக விற்கின்றன. அசலில் ரகப் பெயரும் மார்க்கும் ராணுவ அம்புக்குறியும் சிறிய எழுத்தில் அடக்கமாக இருக்கும். கப்பல் படம், பூ வேலை, தேக்குப் பெட்டி எல்லாம் சேர்ந்து வந்தால் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிக்குச் செலவு ஒரு பூதக்கண்ணாடியும் கைவிளக்கும். மறைவான செலவு நம் கைதான். எழுத்துத் தெரியவில்லை என்று புளி போட்டுத் துலக்கினால், தேடி வந்த எழுத்தே போய்விடும். லென்ஸ் ஓரம் மஞ்சள் பூத்திருந்தால் அது பழைய ஒட்டுப் பிசின் விட்டதன் அடையாளம், வயதுக்குச் சாட்சி. அதைத் துடைக்கக் கழற்றினால் மூடத் தெரியாது. நான் கழற்றினேன். இன்றுவரை மூடவில்லை.

## வழி 2: படம் எடுத்து அனுப்புவது

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்த ஒரு ரகத் துப்பாக்கியை மட்டுமே வாழ்நாளெல்லாம் படித்தவர்கள் இருக்கிறார்கள். வரிசை எண்களைக் குறித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் காசு கேட்பதில்லை. அவர்களுக்கு இது பைத்தியம், அதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்!

படம் எடுப்பதில் ஒரு முறை உண்டு. ஃபிளாஷ் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், முற்றத்து ஓரத்தில், ஒரு கைவிளக்கைப் படுக்கை வாட்டத்தில் காட்டி எடுத்தால் பள்ளங்கள் நிழலோடு தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப்படம், பக்கத்தில் ஒரு அளவுகோல். பொருளைப் பற்றிய கதையை எழுதாதீர்கள், எழுதினால் பார்ப்பவரின் கண்ணும் கதையோடு போய்விடும்.

இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. படத்தைப் பார்த்து 'போலி' என்று அடித்துச் சொல்லிவிடலாம். 'அசல்' என்று அப்படிச் சொல்ல முடியாது. "படத்தில் தவறாக எதுவும் தெரியவில்லை" என்பதுதான் நேர்மையானவர்கள் தரும் உச்சபட்ச பதில். அதைக் கடைக்காரரிடம் 'வெளிநாட்டு நிபுணர் சான்று' என்று சொல்லி விலை ஏற்றுபவர்களும் உண்டு.

மறைவான செலவு இரண்டு. முழு வரிசை எண்ணோடு படம் வெளியே போனால், அந்த எண்ணை வேறொரு நகலில் யாராவது பொறிக்கலாம், அதனால் கடைசி இரண்டு இலக்கத்தை மறையுங்கள். இன்னொன்று, பார்த்துச் சொன்னவரே "எனக்கு அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்பார். அந்த நொடியில் அவரும் கடைக்காரர் ஆகிவிட்டார். தவிர, ராணுவக் கண்ணாடிக் கருவிகளுக்குப் பல நாடுகளில் ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு. தபாலில் கட்டி அனுப்புகிற விஷயமில்லை.

## வழி 3: துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் நேரில்

உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். நம் சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பஞ்சமில்லை. அதில் ராணுவத்தின் இ.எம்.இ. படைப்பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவராக, இருந்தவர் கிடைத்தால் யோகம். கையில் எடுத்துப் பார்க்கிற ஆள் படத்தில் வராத ஒன்றைச் சொல்ல முடியும். தாங்கி ஆடுகிறதா, திட்டின் அடியில் பழைய ஈயப் பற்று இருக்கிறதா, தொலைநோக்கியைச் சரிசெய்யும் சக்கரம் திரும்பும்போது சொடக்கு ஒழுங்காக விழுகிறதா என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த வழியை ஊர் நினைப்பது போல நான் உச்சத்தில் வைக்க மாட்டேன். நம்மூர் வணிகரின் அன்றாடப் புழக்கம் '12 போர்' (12-bore) எனப்படும் வேட்டைத் துப்பாக்கி. நம்பர் 4 (டி)யைக் கையில் தொட்ட ஆள் அபூர்வம். "துப்பாக்கி நல்ல துப்பாக்கி" என்பார், அது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. வயதான ஆர்மரர் .303இல் வளர்ந்திருப்பார். அறுபதுகளில் 7.62 மில்லிமீட்டர் ரகத் துப்பாக்கி வந்த பின் சேர்ந்தவர் அப்படியில்லை. எந்த வருடம் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று முதலில் கேளுங்கள், அதுதான் அவருடைய சான்றிதழ்.

செலவு பயணமும் மரியாதையும். காகிதம் இல்லாத துப்பாக்கியைக் காரில் வைத்து மதுரைக்கு ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. அந்தச் செலவுக்குக் கணக்கே இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில்

| | நாமே பார்ப்பது | படம் அனுப்புவது | நேரில் காட்டுவது |
|---|---|---|---|
| சொல்பவருக்கு லாபம் | ஆசை கண்ணை மறைக்கும் | வாங்கக் கேட்டால் உண்டு | வணிகர் என்றால் இருக்கலாம் |
| நன்றாகப் பிடிபடுவது | முழு நகல், தேதி முரண் | எண், குறி முரண் | பொருத்திய விதம், ஒட்டுவேலை |
| பிடிபடாதது | நுட்பமான ஜோடிப்பு | தொட்டால் மட்டும் தெரிவது | அபூர்வ ரகத்தின் குறிகள் |
| நாள் | ஒரு சாயங்காலம் | சில வாரம் | ஆள் கிடைப்பதைப் பொறுத்து |
| பெரிய ஆபத்து | துலக்குதல், கழற்றுதல் | எண் களவு போவது | காகிதம் இல்லாத ஆயுதத்தோடு பயணம் |

## யாருக்கு எது

பித்தளைத் தொலைநோக்கிக்காரர் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். கப்பல் படம் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

சென்னைக்காரருக்கு முதலும் இரண்டும். வாங்குவதற்கு முன்னால், கடையிலேயே ஓ.எஸ். எண்ணையும் உள்ளே தெரியும் தூணையும் பாருங்கள். பிறகு படம் எடுக்க அனுமதி கேளுங்கள். "படம் எல்லாம் எடுக்கக் கூடாது" என்று தடுத்தால் அதுவே ஒரு பதில். எடுக்க விட்டால், முன்பணம் கொடுக்காமல் இரண்டு வாரம் தவணை சொல்லுங்கள். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்பார்கள், வாங்கட்டும். தனித் தொலைநோக்கிக்கு 'ஜோடி' விலை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துப்பாக்கி எங்கோ இருக்க, எந்த ஜோடி?

காகிதம் சுத்தமாக உள்ள முழுத் துப்பாக்கிக்கு மூன்றும் வேண்டும், இதே வரிசையில். ஒன்றும் இரண்டும் முடிந்த பிறகு, எதைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலோடு ஆர்மரரிடம் போனால்தான் அந்தப் பயணத்துக்குப் பலன்.

நாலாவதாக ஒரு வழி, சோதிக்காமலே விட்டுவிடுவது. விற்கிற எண்ணம் இல்லாத வீட்டுச் சாமானுக்கு அது ஒன்றும் மோசமில்லை. எங்கள் பச்சைக் குழாயை நான் சோதித்திருக்க வேண்டாமோ என்று சில நாள் தோன்றும். 1944 என்று வெட்டியிருந்ததை அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்கள். "வெள்ளைக்காரன் தப்பா வெட்டிருக்கான்டா" என்று சொல்லி மூடி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

கண்டனூர்க்காரர் வக்கீலோடு போய் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார். அந்தத் துப்பாக்கியின் கட்டையில் எஸ்51 இருந்ததா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார்.